இழுப்பறையில் தூங்கும் கோழிகள்

திங்கட்கிழமை, 9ஆம் தேதி

நேற்றைய பதிவில் ஒரு பிழை இருக்கிறது. "பெட்டிகளில் நான்கு கோழிகள், கம்பில் ஒன்று" என்று எழுதியிருந்தேன். கம்பில் இருந்தது கோழி இல்லை, அண்ணன் காயப்போட்டிருந்த கறுப்புத் தொப்பி. அது அசையவே இல்லை என்பதால் "ஆழ்ந்த உறக்கம்" என்று பக்கத்தில் குறிப்பு வேறு எழுதிவைத்தேன். ஐந்து கோழிகளும் பெட்டிகளில்தான் தூங்கின.

பிழையோடு தொடங்குவது என் வழக்கம் இல்லை, மாலை வகுப்பின் விதி. தரக் கட்டுப்பாடு படிக்கிறோம். வீட்டில் உள்ள ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அதை முறைப்படி சரிசெய்து, தினமும் எழுதிக் காட்ட வேண்டும். முதல் வரியில் முந்தின நாள் பிழை வர வேண்டும். பிழையே இல்லாத நாளில் என்ன செய்வது என்று கேட்டேன். சார் என் நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு அந்தக் கவலை வராதும்மா" என்றார்.

குறை இதுதான். அம்மா வீட்டுப் பின்புறம் ஐந்து கோழிகள் வளர்க்கிறாள். பழைய மேசையின் மூன்று இழுப்பறைகளைக் கழற்றிக் கொட்டகைச் சுவரில் பொருத்தி, அவற்றை முட்டைப் பெட்டிகளாக வைத்திருக்கிறோம். பகலில் கோழிகள் அதில் முட்டையிடுகின்றன. இருட்டியதும், தூங்குவதற்கென்று கட்டியிருக்கும் கம்பை விட்டுவிட்டு அதிலேயே படுத்துக்கொள்கின்றன. தூங்கும்போது எச்சமிடுகின்றன. மறுநாள் அந்த எச்சத்தின் மேலேயே முட்டையிடுகின்றன.

இது நாங்கள் மட்டும் அறிந்த விஷயமாக இருந்தவரை குறையாகத் தெரியவில்லை. நேற்றுக் காலை மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். எடை அளவுகளைச் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோழி வளர்க்க அவர் அனுமதி கொடுத்ததற்காக வெள்ளிக்கிழமைதோறும் மூன்று முட்டை மேலே போகும். அதில் ஒன்றை ஒரு காகிதத்தில் வைத்து, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"இது என்ன?"

"முட்டை சார்" என்றார் அப்பா.

"முட்டை மேல என்ன?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் கோழி போட்டதுதான் சார்."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் வந்து என் கண்ணால பார்ப்பேன். ஒரே ஒரு கோழி பெட்டிக்குள்ள படுத்திருந்தாலும் சரி, அஞ்சையும் கறிக்கடைக்கு அனுப்பிடணும். நான் ஒரு தடவைதான் சொல்லுவேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா நேராகக் கொட்டகைக்குப் போய்க் கோழிகளின் பக்கத்தில் நின்றுகொண்டாள். சலவைக்கூடத்தில் இருபது வருடம் நின்று வேலை செய்து, முழங்கால் போய், இந்த வருடம்தான் வீட்டோடு இருக்கிறாள். அவள் பேச்சுத் துணை கோழிகள்தான்.

"நான் ஒண்ணும் கறி சாப்பிடாதவ இல்ல" என்றாள் கடைசியில். "ஆனா பேர் சொன்னா ஓடி வர்றதை எப்படிடி கறிக்கடைக்குக் குடுக்கிறது? உங்க மூணு பேர்ல யாராவது கூப்பிட்டா வர்றீங்களா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "கடைக்கு வர்றவனைத் தூங்க விடாம எழுப்பறதுதானே உன் உத்தியோகம்? அஞ்சு கோழியை எழுப்ப முடியாதா?"

அவன் சொன்னதில் பாதி உண்மை. நான் மெத்தைக் கடையில் வேலை செய்கிறேன். வாங்க வருகிறவர்களைப் படுத்துப் பார்க்கச் சொல்வோம். மூன்று நிமிடம் தாண்டினால் தூங்கிவிடுவார்கள். தூங்குகிறவர் எதையும் வாங்கமாட்டார். ஆகவே மூன்றாவது நிமிடத்தில் பக்கத்தில் போய், "தலையணை மெத்துனு வேணுமா, கெட்டியா வேணுமா?" என்று கேட்பேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரும் தூங்க முடியாது.

கோழிகளிடம் இதைக் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணன் சொன்னதிலிருந்து மனசு உறுத்துகிறது.

செவ்வாய்க்கிழமை, 10ஆம் தேதி

நேற்றைய பிழை: ஒரு விவரத்தை விட்டுவிட்டேன். மறதியால் விடவில்லை. இழுப்பறைகளுக்குள் ஃபோம் போட்டது நான்தான். போன மாதம் கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் வீணாகிறதே என்று கொண்டுவந்து, அளவெடுத்து, மூலைகளில் இடைவெளி இல்லாமல் பொருத்தினேன். அடர்த்தி அதிகமான ரகம். இந்தத் தெருவிலேயே அதைவிட நல்ல படுக்கை யாருக்கும் இருக்காது, எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வகுப்பில் இன்று இதைத்தான் எடுத்துக்கொண்டோம். எங்கள் சாருக்கு "ஏன் சார்" என்று பெயர். எந்தக் குறையானாலும் ஐந்து தடவை "ஏன்" என்று கேட்டால் மூலகாரணம் கிடைத்துவிடும் என்பார். என்னைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார்.

கோழி ஏன் பெட்டியில் தூங்குகிறது? சுகமாக இருப்பதால். ஏன் சுகமாக இருக்கிறது? உள்ளே ஃபோம் இருப்பதால். ஏன் ஃபோம் இருக்கிறது? நான் போட்டதால். ஏன் போட்டேன்? மெத்தைக் கடையில் வேலை செய்வதால். ஏன் மெத்தைக் கடையில் வேலை செய்கிறேன்? கணக்குப் பரீட்சையில் தவறிவிட்டதால்.

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"அஞ்சாவது ஏன்ல ஒரு ஆள் வந்து நிக்கக் கூடாதும்மா" என்றார் சார். "வேலை செய்யற முறைதான் வந்து நிக்கணும். நீ கணக்குல பாஸ் பண்ணியிருந்தா கோழி கம்புல தூங்கியிருக்குமா?"

"தெரியலை சார்" என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

வகுப்புக்குப் போகும் முன்பே ஃபோமை எடுத்துவிட்டு வைக்கோல் போட்டிருந்தேன். விளைவை வகுப்பு முடிந்து வந்ததும் அம்மா சொன்னாள்: பொழுது சாய்ந்ததும் ஐந்தும் வரிசையாக வந்தன. முதலில் வருவது எப்போதும் மேனேஜர்தான், எல்லாவற்றையும் கொத்தி விரட்டும் சிவப்புக்கோழி. அது தலையை உள்ளே விட்டுப் பார்த்தது. வைக்கோலை இரண்டு தடவை காலால் தள்ளியது. ஏறிப் படுத்துக்கொண்டது. மற்றவையும் அப்படியே. மூன்று பெட்டிகளில் இரண்டு, இரண்டு, ஒன்று.

அண்ணன் ஃபோனில் காணொளி பார்த்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். பளபளக்கும் பொருளைக் கண்டால் கோழி மிரளுமாம். பழைய சிடிகளை நூலில் கட்டிப் பெட்டிக்குள் தொங்கவிட்டான். மேனேஜர் சிடியில் தன் முகத்தைப் பார்த்தது. தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தது. பிறகு அதன் பக்கமாகவே நெருங்கிப் படுத்தது.

"பிடிச்சுப் போச்சு போலிருக்குடா" என்றாள் அம்மா.

அப்பாவின் வழி வேறு. வீட்டுக்காரரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இருமுறை படித்துக் காட்டினார். மேலே கொண்டுபோய்க் கொடுக்கத்தான் தைரியம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

புதன்கிழமை, 11ஆம் தேதி

நேற்றைய பிழை: காரணம் ஃபோம் என்று முடிவு செய்தது. முடிவு செய்துவிட்டுத்தான் ஐந்து ஏன்களையும் எழுதினேன்.

இன்று கடையில் நடந்ததை எழுத வேண்டும். ஜன்னலோரம் ஒரு மேடை உண்டு. அதன் மேல் உள்ள கட்டிலில்தான் வருகிறவர்கள் எல்லாம் முதலில் போய் ஏறுவார்கள். அதிலுள்ள மெத்தை எங்களிடம் இருப்பதிலேயே மட்டம். இன்று முதலாளி அதை இறக்கிவிட்டு, விற்காமல் கிடந்த வேறொரு கட்டிலை மேடையில் ஏற்றச் சொன்னார். ஏற்றி அரை மணி நேரம் ஆகவில்லை. கணவனும் மனைவியுமாக வந்தவர்கள் கடை முழுக்கப் பார்த்துவிட்டு, நேராக மேடைக்குப் போய்ப் படுத்தார்கள். அடுத்து வந்தவரும் அப்படியே.

"எப்படி சார்?" என்று கேட்டேன்.

"மெத்தையை எவன் பார்க்கிறான்? உயரத்தைத்தான் பார்க்கிறான்" என்றார் முதலாளி.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மேடையில் படுத்திருந்தவர் தூங்கிப்போய், குறட்டை கேட்ட பிறகுதான் தலையணை ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் டேப் எடுத்து அளந்தேன். இழுப்பறைகள் தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர். கோழிகள் உட்கார வேண்டிய கம்பு நாற்பது. மூன்று மாதமாகத் தினமும் பார்க்கும் கொட்டகை இது. அம்மா குனிய முடியாதவள் என்பதற்காக இழுப்பறைகளை இடுப்பு உயரத்தில் பொருத்தினோம். தூக்கத்தில் விழுந்து அடிபடக் கூடாது என்பதற்காகக் கம்பை முழங்கால் உயரத்தில் கட்டினோம். இரண்டுமே அன்பால் செய்தது. கோழிகள் எது உயரமோ அதில் ஏறிப் படுத்துவிட்டன, அவ்வளவுதான்.

பெட்டிகளை இறக்கிவிடலாம் என்று சொன்னேன்.

"இறக்கிட்டு? முட்டை எடுக்க நான் தரையில உருளணுமா?" என்றாள் அம்மா.

ஆகவே கம்பை உயர்த்துவது என்று முடிவாயிற்று. கடையில் கட்டில் செய்யும் தச்சருக்கு ஃபோன் செய்து, கட்டிலின் குறுக்குச் சட்டம் ஒன்று வேண்டும் என்றேன்.

"எத்தனை பேர் படுக்கிறதுக்கு?"

"அஞ்சு பேர் அண்ணே."

"ஒரே சட்டத்துலயா?"

"ஆமா அண்ணே. ஒருத்தர் மட்டும் கொஞ்சம் குண்டு."

விளக்கிச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், "உன் வீட்டு விஷயம், நான் ஏன் கேட்கிறேன். காலையில வந்து எடுத்துக்க" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை, 12ஆம் தேதி

நேற்றைய பிழை என்று எதுவும் தோன்றவில்லை. இன்றைய பிழை பெரியது, ஆகவே கணக்குச் சரியாகிவிட்டது.

காலையில் வேலைக்குப் போகும் முன் சட்டத்தை நூற்றிருபது சென்டிமீட்டர் உயரத்தில் அடித்தேன். இரண்டு படிப்பலகைகளும் வைத்தேன். சாயங்காலம் மேனேஜர் படியேறி, சட்டத்தில் கால் வைத்து, தள்ளாடி, இறங்கிவிட்டது. சட்டத்தின் குறுகலான விளிம்பை மேல் பக்கமாக வைத்து அடித்திருக்கிறேன். கோழி கால் விரல்களைப் பரப்பி உடம்பால் மூடி உட்காரும், அதற்கு அகலமான பக்கம்தான் மேலே இருக்க வேண்டும். தினமும் கட்டில் விற்கிறேன். யாரையும் விளிம்பில் படுக்கச் சொன்னதில்லை.

திருப்பி அடித்தோம். மேனேஜர் மறுபடியும் ஏறியது. நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு நாலா பக்கமும் பார்த்தது. அதன் பின்னால் கழுத்தில் இறகு உதிர்ந்த வழுக்கையும், கடைசியாக வாங்கிய புதுசும் ஏறின. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்ற இரண்டும், குண்டும் டீச்சரும், வழக்கம்போலப் பெட்டிக்குப் போயின. அண்ணனும் நானும் அவற்றைத் தூக்கிச் சட்டத்தில் வைத்தோம். குண்டு இருந்துவிட்டது. டீச்சர் இறங்கிப் பெட்டிக்கு வந்தது. தூக்கி வைத்தோம். வந்தது. தூக்கி வைத்தோம். மூன்றாவது தடவை அது திரும்பி வந்தபோது, "இது ரிட்டயர் ஆகற வரைக்கும் கேட்காது" என்றான் அண்ணன். இருப்பதிலேயே வயதான கோழி அது. வெள்ளை நிறம். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் நின்று பார்க்கும். அதனால் அந்தப் பெயர்.

வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். சார் ஏன் என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

வெள்ளிக்கிழமை, 13ஆம் தேதி

நேற்றைய பிழை: மூன்று கோழி தானாக ஏறியதும் போதும் என்று நினைத்தது. வீட்டுக்காரர் சொன்னது ஐந்து.

இன்று பெட்டிகளைப் பலகையால் மூடிவிடத் தீர்மானித்தேன். முட்டையிடும் வேளை முடிந்ததும் மூட வேண்டும், விடியும் முன் திறக்க வேண்டும். எத்தனை மணிக்கு மூடுவது என்று அம்மா கேட்டாள். எதற்கும் முன்கூட்டியே இருக்கட்டும் என்று ஒரு மணி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். எந்தக் கோழி எத்தனை மணிக்கு முட்டையிடும் என்று அம்மாவிடம் கேட்கவில்லை. அவளுக்கு அது நிமிடக் கணக்கில் தெரியும்.

குண்டு மூன்று மணிக்குத்தான் முட்டையிடுமாம். மூடிய பலகையின் முன்னால் கத்திவிட்டு, வீட்டுக்குள் வந்து, அப்பாவின் ஷூவுக்குள் முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது. அப்பா அதைக் காலால் கண்டுபிடித்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் அம்மா.

"தப்புன்னா நீயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ படிச்சவ, எழுதிக் குடுக்கிறே. நான் என்னத்தைச் சொல்ல?"

இன்று மூன்று முட்டை மேலே போக வேண்டிய நாள். வேறு இரண்டுதான் இருந்தன. அப்பா கொண்டுபோனார், கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் கடிதத்தோடு திரும்பினார். "நாளைக்கு ஆறரைக்கு வர்றாராம். ஒரு முட்டை எங்கேன்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"ஷூவில இருக்குன்னு எப்படிச் சொல்றது? கோழிக்கு உடம்பு சரியில்லைன்னேன்."

"ஐயோ. இப்ப நோய்க்கோழின்னு வேற நினைப்பார்" என்றாள் அம்மா.

இன்றைய விளைவு: நான்கு கோழிகள் சட்டத்தில். டீச்சர் மூடிய பலகையையே பார்த்துக்கொண்டு நின்றது. இருட்டியதும் அங்கேயே தரையில், பெட்டிகளுக்குக் கீழே படுத்துக்கொண்டது. அதன் பிடிவாதம் அளவிட முடியாதது.

சனிக்கிழமை, 14ஆம் தேதி

நேற்று பிடிவாதம் என்று எழுதியது பிழை. அது பயம். காலையில் கதவைத் திறக்காமல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். டீச்சர் படியில் கால் வைத்ததும், சட்டத்தின் நடுவில் இருக்கும் மேனேஜர் கழுத்தை நீட்டிக் கொத்துகிறது. எந்தப் பக்கம் போனாலும் அதன் கழுத்து எட்டுகிறது. மூன்று மாதமும் டீச்சர் பெட்டிக்குள் ஓடியது அதற்காகத்தான் இருக்க வேண்டும். ஒரு ஏன் கூட அதனிடம் நான் கேட்கவில்லை.

கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தச்சரிடம் இன்னொரு சட்டம் வாங்கி வந்தேன். அவர் இந்தத் தடவை எதுவும் கேட்காமல் கொடுத்தார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில், அதே உயரத்தில், கழுத்து எட்டாத தூரத்தில் அடித்து, அதற்கும் இரண்டு படிப்பலகைகள் வைத்தேன். குண்டு முட்டையிட்ட பிறகு, மூன்றரை மணிக்கு, பலகைகளைப் போட்டோம்.

ஆறரைக்கு வருகிறேன் என்ற வீட்டுக்காரர் ஐந்தரைக்கே இறங்கி வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னால் போவதுதான் ஆய்வு என்பது அவர் கொள்கையாம். கையில் டார்ச், சட்டைப் பையில் சின்ன நோட்டு. கோழிகள் ஐந்தும் முற்றத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"என்ன இது, தூங்கலை?"

"வெளிச்சம் இருக்கே சார். இன்னும் அரை மணி நேரமாகும்" என்றாள் அம்மா.

அப்பா ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி என்பது நினைவுக்கு வந்து, கடையிலிருந்து நான் மாதிரிக்காகக் கொண்டுவந்திருந்த மெத்தைத் துண்டையும் அதன் மேல் போட்டார். வீட்டுக்காரர் உட்கார்ந்தார். இந்தப் பகுதியில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றிப் பேசினார். தாம் பிடித்த தராசுகளைப் பற்றிப் பேசினார். ஆறு மணிக்கு வாக்கியங்களின் நடுவே இடைவெளி விழத் தொடங்கியது. ஆறு ஐந்துக்குத் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"சார் கண்ணை மூடி யோசிக்கிறார்" என்று அப்பா எங்களிடம் மெதுவாகச் சொன்னார். குறட்டை வந்தது.

அப்போதுதான் மேனேஜர் கொட்டகைக்குள் நுழைந்தது. படியேறி, பழைய சட்டத்தின் நடுவில் உட்கார்ந்தது. வழுக்கை, புதுசு, குண்டு என்று ஒவ்வொன்றாக ஏறின. நான்கு. டீச்சர் பலகையின் முன்னால் போய் நின்றது.

"இப்பவே எழுப்பு" என்றான் அண்ணன் என் காதில். "பெட்டியில எதுவும் இல்லைதானே. பார்த்துட்டுப் போகட்டும்."

"வேணாம், தூங்கட்டும். அப்படியே விடிஞ்சுடும்" என்றார் அப்பா.

"அது தரையில நின்னா, இன்னும் முடிவாகலைன்னு அர்த்தம்" என்றாள் அம்மா. "அந்த ஆள் அதைத்தான் பிடிச்சுக்குவான். பேசாம இருங்க. யாரும் டீச்சரைத் தொடாதீங்க."

மூன்று நிமிடம் ஆயிற்று. என் கை தானாக எழுந்தது. ஒருவரை இதற்கு மேல் தூங்கவிட்டு எனக்குப் பழக்கமில்லை. கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஐந்து நிமிடம். எட்டு. வீட்டுக்காரர் உதட்டைச் சப்பினார். டீச்சர் பலகையை ஒரு தடவை கொத்திப் பார்த்தது. திரும்பியது. மேனேஜரைப் பார்த்தது. எதிர்ச் சுவரைப் பார்த்தது. முதல் படியில் ஒரு கால் வைத்து, நின்று, பார்த்தது. இரண்டாவது படி. மேனேஜர் கழுத்தை நீட்டியது. எட்டவில்லை. டீச்சர் இறக்கையை ஒரு தடவை அடித்து, புதிய சட்டத்தில் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்தது. அதற்கு மொத்தம் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று.

நான் வீட்டுக்காரர் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "சார், டார்ச்சை நீங்க பிடிக்கிறீங்களா, நான் பிடிக்கட்டுமா?"

"நானே" என்று சொல்லிக்கொண்டே கண் விழித்தார்.

எழுந்து போய் எண்ணினார். நான்கு. டார்ச்சைத் திருப்பினார். ஐந்து. பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வைக்கோலைக் கையால் தொட்டு, முகர்ந்தும் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அஞ்சும் ஒழுங்கா வரிசையா ஏறிச்சு" என்றார்.

அப்பா பலமாகத் தலையாட்டினார். அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல சார்" என்றாள் அம்மா. "நாலுதான் வரிசையா ஏறிச்சு. டீச்சர் இருபது நிமிஷம் கீழே நின்னுட்டு, தானா யோசிச்சு ஏறிச்சு. நீங்க தூங்கிட்டீங்க."

அப்பா சட்டைப் பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்காரர் அம்மாவையே பார்த்தார். தூங்கினேன் என்று ஒப்புக்கொண்டால் ஆய்வு செல்லாது. செல்லும் என்றால் ஐந்து கோழிகளும் அதில் தேறிவிட்டன. அவர் இரண்டு பக்கமும் நிறுத்திப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"நான் தூங்கலை" என்றார் கடைசியில். "அது நின்னதையும் பார்த்தேன். ஏறினதையும் பார்த்தேன். நின்னா தப்புன்னு நான் சொல்லவே இல்லையே." நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். "கோழி இருக்கலாம். முட்டை சுத்தமா வரணும். ஒரு தடவைதான் சொல்லுவேன்."

ஒரு தடவைதான் சொன்னார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார்.

"உண்மையைச் சொல்லணுமாம்மா அந்த நேரத்துல?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"டீச்சர் அவ்வளவு நேரம் யோசிச்சு ஏறியிருக்கு. அதைப் போய் வரிசையில போனதுன்னு சொன்னா?" என்றாள் அம்மா. அவளுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டத்தை உயர்த்தியது, பெட்டியை மூடியது, இரண்டாவது சட்டம் அடித்தது என மூன்று மாற்றங்களை மூன்று நாளில் அடுத்தடுத்துச் செய்துவிட்டேன். எது பலித்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பது வகுப்பின் முதல் பாடம். சார் மதிப்பெண் குறைப்பார். அம்மாவிடம் சொன்னேன். "மார்க் போனா போகட்டும், கோழி இருக்கு" என்றாள். சட்டத்தில் தூங்கும் பழக்கம் கோழிகளுக்குப் படிய இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை பலகைகளைத் தினமும் போட்டு எடுக்க வேண்டும். விடியும் முன் எடுக்காவிட்டால் முட்டை கண்ட இடத்தில் விழும்.

நாளை: காலை ஐந்தே காலுக்கு எழுந்து மூன்று பலகைகளையும் எடுக்க வேண்டும். சட்டங்களுக்குக் கீழே உள்ள எச்சத்தை வார வேண்டும். பலகையைத் திரும்பப் போடும் நேரத்தை அம்மாவிடம் கேட்டு எழுத வேண்டும்.